வாலி படித்த பெயர்

2023 ஜூலை கடைசியில், ஆனைமலை அடிவாரத்துச் சரளப்பதியில் ஒரு மக்னாவுக்கு மூன்றாம் முறையாக மயக்க ஊசி போட்டார்கள். தந்தமில்லாத ஆண் யானையைத்தான் மக்னா என்கிறார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில் பிடிபட்ட அதை, டாப்சிலிப் பக்கம் வரகளியாறு காட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அது அங்கே தங்கவில்லை. மலையிறங்கி, ஊர் ஊராகக் கடந்து கோவை நகரத்தின் ஓரம்வரை நடந்தே போய்விட்டது. அதே மாதம் பேரூர்ப் பக்கம் மறுபடி பிடித்து மானாம்பள்ளிக் காட்டில் விட்டார்கள். அங்கிருந்தும் இறங்கிச் சரளப்பதித் தோட்டங்களுக்கு வந்தது. மூன்றாம் தடவை பிடித்து, வால்பாறைக்கு மேலே மழை ஓயாத சின்னக்கல்லாறு காட்டில் இறக்கினார்கள்.

இந்த வேலைக்குப் பயன்படும் துப்பாக்கி வெடிமருந்தில் இயங்குவதில்லை. அழுத்தி அடைத்த வாயுதான் ஊசியைத் தள்ளுகிறது. ஊசியின் வாலில் குஞ்சம் இருக்கும், போய்த் தைத்த இடம் தூரத்திலிருந்து தெரிவதற்காக. முப்பது, நாற்பது மீட்டருக்குள் போனால்தான் நம்பிச் சுட முடியும். அதைத் தாண்டினால் ஊசி தாழ்ந்துபோகும், காற்று இழுத்துவிடும். ஆகவே கால்நடை மருத்துவர் யானையிடம் நடந்துதான் போக வேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, தன் வாடை அதன் துதிக்கைக்கு எட்டாதபடி சுற்றிப் போக வேண்டும். நான்கைந்து டன் எடையுள்ள உயிர் திரும்பி ஓடிவந்தால் முப்பது மீட்டர் என்பது சில விநாடிகள்தான்.

ஊசி தைத்ததோடு வேலை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. மருந்து ஏறும்வரை பின்னாலேயே போக வேண்டும். பள்ளத்திலோ தண்ணீரிலோ விழுந்துவிடாமல் பார்க்க வேண்டும். நின்றபடி கிறங்கியதும், பழக்கிய கும்கி யானைகள் இரண்டு பக்கமும் வந்து அணைத்து நிற்கும். கண்ணைத் துணியால் மூடுவார்கள், காதிலும் முதுகிலும் தண்ணீர் ஊற்றிச் சூட்டைத் தணிப்பார்கள், மூச்சை எண்ணிக்கொண்டே இருப்பார்கள். சுட்டவர் அந்த உயிரின் பக்கத்தைவிட்டு மணிக்கணக்கில் நகர முடியாது.

இதற்கு நேர் எதிர்முனையில் இன்னொரு துப்பாக்கி இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள இலக்கைத் தொடுவதற்கென்றே, பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கப்படும் நெடுந்தூர ரைஃபிள். உலகின் பல நாடுகளில் அது ஒரு விளையாட்டு, ஒரு கைவினை, சிலருக்குத் தவம் மாதிரி. அதைக் கட்ட நினைக்கிறவர் முதலில் செய்ய வேண்டிய முடிவு, எந்த ஆக்‌ஷன் என்பது. தோட்டாவை வாங்கி, அறைக்குள் தள்ளி, பூட்டி, முள்ளால் தட்டி, வெடித்த கூட்டை வெளியே இழுத்துப் போடும் உறுப்புதான் ஆக்‌ஷன். குழல் இதில்தான் மரையேறி இறங்குகிறது. விசை இதன் அடியில் மாட்டுகிறது. தொலைநோக்கி இதன் முதுகில் உட்காருகிறது. மற்ற எதை வேண்டுமானாலும் பிறகு மாற்றலாம், ஆக்‌ஷனை மாற்றினால் அது வேறு துப்பாக்கி.

கோவையில் கணபதியிலோ பீளமேட்டிலோ லேத் பட்டறை வைத்திருப்பவருக்கு இந்தச் சங்கதியை இரண்டே வரியில் விளக்கிவிடலாம். போல்ட் ஓடும் பாதையின் மையமும், குழல் இறங்கும் மரையின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். போல்ட்டின் முகம் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். பூட்டும் காதுகள் இரண்டும் சமமாகப் பாரம் தாங்க வேண்டும். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்தெடுக்கும் ஆக்‌ஷனில் இவை மயிரிழை விலகியிருக்கும். நூறு மீட்டரில் அந்த விலகல் கண்ணுக்கே தெரியாது. கோணத்தில் ஒரு நிமிடம் பிசகினால் நூறு மீட்டரில் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை, ஆயிரம் மீட்டரில் ஒரு சாணுக்கும் மேலே. அதனால்தான் தனியாகக் கடைந்த கஸ்டம் ஆக்‌ஷனுக்கு இவ்வளவு பணம் கொடுக்கிறார்கள்.

இங்கே ஒரு தேர்வு கவனிக்க வேண்டியது. 1898-ல் ஜெர்மனியின் பால் மவுசர் வடித்த ஆக்‌ஷனில், தோட்டா பெட்டியைவிட்டு எழும்போதே ஓர் அகன்ற நகம் அதன் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். கை நடுங்கினாலும், துப்பாக்கி சாய்ந்திருந்தாலும், தோட்டா கீழே விழாது, சிக்காது. பாய்ந்து வரும் விலங்கின் முன்னால் நிற்கிறவனுக்கு அந்தப் பிடிதான் உயிர். லண்டனின் ரிக்பி நிறுவனம் தன் வேட்டைத் துப்பாக்கிகளை மவுசர் ஆக்‌ஷன்மேல் கட்டியது அதனால்தான். சம்பாவத் பெண்புலியை வீழ்த்தியதற்காக ஜிம் கார்பெட்டுக்கு 1907-ல் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பியும் அந்த வகைதான். இன்றைய நெடுந்தூரக்காரர்கள் பெரும்பாலும் விரும்புவது 1962-ல் வந்த ரெமிங்டன் 700-ன் அச்சில் கடைந்தவற்றை. அதில் போல்ட் தோட்டாவை வெறுமனே முன்னே தள்ளும், கவ்வாது. கல்மேல் படுத்து, நிதானமாக மூச்சுவிட்டு, எந்த ஆபத்துமில்லாத தூரத்திலிருந்து சுடுகிறவருக்கு நகம் தேவையில்லை, துல்லியம் போதும். விலங்கு தன்னை எட்டும் இடத்தில் நிற்கப் போகிறாரா, எட்டாத இடத்தில் நிற்கப் போகிறாரா என்பது ஆக்‌ஷனைத் தேர்ந்தெடுக்கும் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே இது எந்திரத்தைப் பற்றிய கேள்வி மட்டுமில்லை. அறத்தைப் பற்றிய கேள்வியும் அதே மேசையில் உட்கார்ந்திருக்கிறது.

ஆயிரம் மீட்டரில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். விசையை அழுத்தியபின் குண்டு போய்ச் சேர ஒன்றரை விநாடிக்கு மேல் ஆகும். போகிற வழியில் அது ஏறத்தாழ பத்து மீட்டர் கீழே இறங்கிவிடும், அதைக் கணக்கிட்டுத்தான் உயர்த்திக் குறி வைக்கிறார்கள். வெடிச்சத்தம் அங்கே எட்ட மூன்று விநாடி. உயிருள்ள இலக்காக இருந்தால், அடிபட்ட பிறகுதான் சத்தத்தைக் கேட்கும், கேட்க உயிர் இருந்தால். சுட்டவர் காதில் அதன் குரல் விழாது, வாடை வராது, கண்ணும் தெரியாது. தொலைநோக்கியில் தெரிவது ஓர் உருவம்.

வெகுதூரத்திலிருந்து உயிரை எடுப்பது குறைந்த பாவமா, கூடுதல் பாவமா, அல்லது தூரத்துக்கும் பாவத்துக்கும் சம்பந்தமே இல்லையா? ஆளில்லா விமானங்களை இன்னொரு கண்டத்தில் அமர்ந்து இயக்குகிறவர்களைப் பற்றி மேலை நாட்டுத் தத்துவத் துறைகள் இந்த நூற்றாண்டில் மும்முரமாக விவாதிக்கும் கேள்வி இது. இந்த மண்ணுக்கு அது புதிதில்லை.

வில்தான் அன்றைய நெடுந்தூரக் கருவி. வில்லாளிகளைப் பற்றிய நம் பழங்கதைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒன்று புலப்படும். இளவரசனாக இருந்த தசரதன், சத்தத்தை மட்டும் கேட்டு அடிக்கும் வித்தை கற்றவன். சரயுவின் கரையில், இருட்டில், யானை தண்ணீர் குடிக்கும் ஓசை என்று நினைத்து அம்பு விட்டான். குடத்தில் நீர் மொண்டுகொண்டிருந்த முனிகுமாரன் விழுந்தான். பாண்டு, மான் என்று எய்தது மான் வடிவில் இருந்த கிந்தமர் என்ற முனிவரை. சரன் என்ற வேடன், மான் என்று எண்ணி எய்தது கண்ணனின் பாதத்தை. மூன்று பேரும் தேர்ந்த கைகள். அம்பு போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது. கை பிசகவில்லை, கண்தான் பிசகியது. இன்றைய விற்பன்னர்கள் எவ்வளவு நுட்பமான ஆக்‌ஷனை வாங்கினாலும் அது கையின் பிசகைத்தான் குறைக்கும். தூரம் உண்டாக்கும் மற்ற பிசகுக்கு எந்தப் பட்டறையிலும் மருந்து கடைந்து தருவதில்லை.

அர்ச்சுனன் இதற்கு மறுபக்கம். அவன் சண்டைக்குத் தயங்கியவனில்லை, காண்டீபத்தோடு வந்தவன். ஆனால் தேரை இரண்டு சேனைகளுக்கும் நடுவில் நிறுத்தச் சொன்னான். பக்கத்தில் போனான். பாட்டனாரும் ஆசிரியரும் மைத்துனர்களும் முகத்தோடு தெரிந்தார்கள். வில் நழுவியது. கீதை முழுக்கவும் அந்த நெருக்கத்திலிருந்து பிறந்த உரையாடல்தான். கண்ணன் கடைசியில் அவனைப் போரிடச் சொல்கிறான் என்பது வேறு விஷயம். முகங்களைப் பார்த்துவிட்ட ஒருவனிடம்தான் அதைச் சொல்கிறான்.

தமிழில் இந்தக் கேள்வியைக் கம்பரளவுக்கு யாரும் தோண்டவில்லை. வாலி வதைப் படலத்தில் இராமன் மறைந்து நின்று எய்கிறான். மார்பில் தைத்த அம்பை வாலி தன் கையாலேயே பற்றி இழுக்கிறான். அதில் பொறித்திருந்த பெயரைப் படிக்கிறான். யார் எய்தது என்று அப்படித்தான் அவனுக்குத் தெரிகிறது. பிறகு இராமன் அவன் எதிரே வந்து நிற்கிறான். வாலி கேட்கும் கேள்விகளுக்குக் கம்பர் எந்தத் தணிக்கையும் செய்யவில்லை, முழு வாதத்தையும் அவன் வாயில் வைக்கிறார். மறைந்து நின்றது ஏன் என்ற கூர்மையான கேள்விக்கு இராமன் வாயால் பதில் வருவதில்லை, இலக்குவன்தான் பதில் சொல்கிறான்: முதலில் சுக்ரீவன் அடைக்கலம் ஆகிவிட்டான், நேரில் வந்தால் நீயும் அடைக்கலம் கேட்டுவிடலாம் என்பதால் மறைந்து நின்றார் என்று. அந்தப் பதில் போதுமா போதாதா என்று பட்டிமன்ற மேடைகள் இன்றும் வாதிடுகின்றன.

அதில் இரண்டு விஷயங்கள் மட்டும் வாதத்துக்கு அப்பாற்பட்டவை. அம்பில் பெயர் இருந்தது. எய்தவன் நடந்து வந்து அடிபட்டவன் முன் நின்றான். தூரத்திலிருந்து அடிப்பதில் உள்ள குறையை எதனாலாவது ஈடுகட்ட முடியுமானால் இந்த இரண்டால்தான் முடியும் என்று கம்பரின் காட்சி அமைப்பு சொல்வதாகவே படுகிறது.

பெயர் பொறிக்கும் அந்த வழக்கம் இன்றைய சட்டத்திலும் இருக்கிறது. இந்தியாவின் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-ம் பிரிவு, அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்கவோ கைமாற்றவோ கூடாது என்கிறது. குழலும் கட்டையும் மாறலாம், ஆக்‌ஷன் மாறாது என்பதால் அமெரிக்கச் சட்டம் அந்த உறுப்பையே துப்பாக்கி என்று கொண்டு எண்ணை அதில் பொறிக்கச் சொல்கிறது. எண் என்பது வாலி படித்த பெயரின் இன்றைய வடிவம்.

இனி, கருவிக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி. ஆயுத பூஜையன்று கொங்கு நாட்டில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் பதில் கிடைக்கும். லேத்தின் சக் மீது சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. பக்கத்தில் பொரி, கடலை, வாழைப்பழம். அன்றைக்கு மின்விசை போடுவதில்லை. வால்பாறை எஸ்டேட் ஃபாக்டரிகளில் தேயிலை அரைக்கும் ரோலருக்கும் அதே மரியாதை. காவல் நிலையங்களில் துப்பாக்கிகளுக்குப் பொட்டு வைக்கிறார்கள். கருவி வெறும் இரும்பு, செய்கிறவன்தான் பொறுப்பு என்று நினைக்கிற சமூகம் இரும்பைக் கும்பிடாது. கும்பிடுவதில் ஓர் ஒப்புதல் இருக்கிறது: என் கை செய்வதில் உனக்கும் பங்கு, உன்னை எடுக்குமுன் நான் யோசிக்க வேண்டும்.

சமணம் இதை இன்னும் கறாராகச் சொன்னது. கொங்கு நாடு சமணம் தழைத்த மண். விஜயமங்கலத்தில் சமணக் கோயில் இருக்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் அருகிலுள்ள சீனாபுரத்துக்காரர். சமந்தபத்திரர் இல்லறத்தாருக்கு எழுதிய இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில், தேவையில்லாமல் தேடிக்கொள்ளும் பாவங்களில் ஒன்றாகக் கொலைக்கருவிகளைப் பிறருக்குக் கொடுப்பது வருகிறது. கோடரி, வாள், நெருப்பு, சங்கிலி, மண்வெட்டிகூட அந்தப் பட்டியலில் உண்டு. கொன்றவன் வேறு யாரோ, கொடுத்தவன் நான் வெறுமனே கொடுத்தேன் என்ற வாதம் அங்கே செல்லாது.

பௌத்தர்களோடு சமணர்களுக்கு நடந்த வழக்கு இதைவிடச் சுவையானது. மச்சிம நிகாயத்தின் உபாலி சூத்திரத்தில் புத்தர், மனத்தால் செய்வதே மிகப் பெரிய வினை என்கிறார். மகாவீரரின் வழி வந்தவர்களோ உடலால் செய்வதுதான் கனமானது என்று நின்றார்கள். சமணரின் சூத்திரகிருதாங்கம் பௌத்தக் கட்சியை இப்படி மடக்குகிறது: சுரைக்காய் என்று நினைத்து ஒருவன் குழந்தையை வேலால் குத்தினால் அவனுக்குப் பாவமில்லை என்றா சொல்கிறீர்கள்? தசரதனின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேள்வியின் கனம் தெரியும். அவன் மனதில் முனிகுமாரன் இல்லை, யானைதான் இருந்தது. ஆனாலும் கதை அவனை விடவில்லை, மகனைப் பிரிந்து சாக வைத்தது. பார்க்க முடியாத இடத்திலிருந்து எய்யத் துணிந்ததே குற்றம் என்று கதை கருதுகிறது. இந்த இடத்தில் சமணர் பக்கமே நியாயம் கூடுதலாகத் தெரிகிறது. ‘தெரியாது’ என்பது தற்செயலாக வந்த அறியாமை இல்லை. தெரியாத தூரத்தைத் தேர்ந்தெடுத்தவன் அந்த அறியாமையையும் சேர்த்தே தேர்ந்தெடுத்தான்.

தூரத்தின் உச்சக் கொடுமை கொங்கு மண்ணிலேயே இருக்கிறது. அதற்கு ரைஃபிள்கூட வேண்டாம். அவுட்டுக்காய் என்கிறார்கள். வெடிமருந்தை உருண்டையாகக் கட்டி, தீனிக்குள் மறைத்து, காட்டுப்பன்றி வரும் வழியில் வைத்துவிட்டுப் போய்விடுவது. கடித்தால் வாய்க்குள் வெடிக்கும். பன்றிக்கு வைத்ததை யானைக்குட்டி கடிக்கிறது, மாடு கடிக்கிறது. தாடை சிதைந்த யானை தின்னவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் நாள்கணக்கில் அலைந்து சாகிறது. 2020 மே மாதம், மலைக்கு அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்தில், வாய் வெடித்த கர்ப்பிணி யானை வெள்ளியாற்றுத் தண்ணீரில் வாயை நனைத்தபடி நின்றே உயிர்விட்டதை நாடு முழுக்கப் பார்த்தது. வைத்தவன் அங்கே இல்லை. எந்த உயிர் வருமென்று அவனுக்குத் தெரியாது. பெயர் பொறித்த அம்புமில்லை, எதிரே வந்து நிற்கிறவனுமில்லை.

இதே கொங்கு நாட்டில்தான் புலிகுத்திக் கற்களும் நிற்கின்றன. ஆநிரையையோ ஊரையோ காக்கப் புலியோடு பொருது இறந்தவனுக்கு எடுத்த நடுகற்கள். பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். புலி பின்னங்காலில் நிமிர்ந்து வீரனின் உயரத்துக்கு நிற்கும். அதன் முன்னங்கால் அவன் மேல், அவன் ஆயுதம் அதன் உடலில். சிற்பி இருவரையும் ஒரே அளவில் செதுக்கியிருப்பான். பூசை போடுகிறவர்கள் கல்லுக்கு எண்ணெய் தடவும்போது புலிக்கும் சேர்த்தே தடவுகிறார்கள். கொன்றவனும் கொல்லப்பட்டதும் ஒரே கல்லில் தெய்வமாகிவிடுகிற நெருக்கம் அது.

அந்த நாளுக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. வெள்ளைக்காரத் துரைமார்கள் காலத்தில் மலைக்குத் துப்பாக்கிகள் வந்தன. 1850-களில் ஆனைமலைக் காடுகளில் பணியாற்றிய டக்ளஸ் ஹாமில்டன் படம் வரைந்தார், வேட்டையும் ஆடினார். செங்குத்துப் பாறைகளில் மேயும் வரையாடுதான் தூரத்துக் குறிக்கு ஏற்ற இலக்கு, பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சுடலாம். சுட்டு விழுந்தது எத்தனையோ ஆயிரம் அடி கீழே போய்விடும், எடுக்கவும் முடியாது. 2024-ல் தமிழ்நாடு வனத்துறை முழுமையாகக் கணக்கெடுத்தபோது மாநிலம் முழுவதும் கண்டது 1,031 வரையாடுகள். வால்பாறையின் அக்காமலைப் புல்மேடும் அவற்றின் வீடு.

1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் வேட்டையை முடித்துவைத்தது. இங்கே நெடுந்தூர ரைஃபிள் வைத்திருக்கும் விளையாட்டு வீரருக்கு இலக்கு காகிதமும் இரும்புத் தகடும்தான். அதில் எந்தப் பாவமும் இல்லை. மூச்சையும் நாடியையும் அடக்கிக் குறி பார்ப்பது யோகத்துக்குப் பக்கத்தில் வரும் ஒழுக்கம். ஆனால் அதே சட்டத்தின் 11-ம் பிரிவு ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கைக் கொல்லத் தலைமை வன உயிரினக் காப்பாளர் உத்தரவிடலாம். அதற்கு முன், அதைப் பிடிக்கவோ, மயக்கவோ, இடம் மாற்றவோ முடியாது என்று அவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும். வரிசையைப் பாருங்கள்: முதலில் கிட்டே போகும் வழிகள், எல்லாம் தீர்ந்த பிறகே எட்ட நின்று கொல்வது.

2021 அக்டோபரில் இந்த வரிசை சோதனைக்கு வந்தது. மசினகுடி, கூடலூர்ப் பக்கம் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 என்ற புலியை வேட்டையாட 1-ம் தேதி உத்தரவு வந்தது. எடுத்த எடுப்பில் கொல்ல வேண்டாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். நாள்கணக்கில் காட்டைச் சல்லடை போட்டார்கள். 15-ம் தேதி மயக்க ஊசி தைத்தது. புலி உயிரோடு மைசூருக்குப் போனது. அந்த இரண்டு வாரமும் புதருக்குள் கால் வைத்த வேட்டைத் தடுப்புக் காவலர்களும் பழங்குடித் தடம் பார்ப்பவர்களும் தங்கள் உயிரைப் பணயம் வைத்தவர்கள். ஆயிரம் மீட்டர் துப்பாக்கி அவர்களுக்கு எளிதான வழியாக இருந்திருக்கும். கடினமான வழியைத் தேர்ந்தது சரிதான்.

இதை எழுதுவது எளிது, வால்பாறை லயன் வீட்டு வாசலில் நின்று சொல்வது எளிதில்லை. 2025 ஜூனில், ஜார்க்கண்டிலிருந்து தேயிலை பறிக்க வந்த குடும்பத்தின் சிறு பெண் குழந்தையை வீட்டுப் பக்கத்திலிருந்தே சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. அந்தத் தாயிடம் போய் வாலியையும் சமந்தபத்திரரையும் பேச முடியாது. சமண நூல்களே உயிரைக் காத்துக்கொள்ள எதிர்த்து நிற்கும் இம்சையை வேண்டுமென்றே செய்யும் இம்சையிலிருந்து பிரித்துத்தான் வைக்கின்றன, இல்லறத்தாரிடம் துறவியின் விரதத்தைக் கேட்பதில்லை. கொல்லத்தான் வேண்டும் என்ற நிலை வரலாம். அப்போதும் யார், எவ்வளவு அருகில் நின்று, எதை உறுதியாகத் தெரிந்துகொண்டு என்ற கேள்விகள் விலகுவதில்லை. தவறான சிறுத்தையைத் தூரத்திலிருந்து வீழ்த்தினால் ஆட்கொல்லி அங்கேயேதான் இருக்கும்.

காந்தி 1928-ல் இந்த இடத்தில் நின்றார். சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குத் தீராத வேதனை. பிழைக்காது என்று தெரிந்தபின், ஊசி போட்டு அதன் உயிரை முடிக்க ஒப்புக்கொண்டார். அகிம்சை பேசியவரா இப்படி என்று கடிதங்கள் குவிந்தன. அவர் அதை மறைக்கவில்லை, தன் பத்திரிகையிலேயே எழுதி விவாதத்துக்கு வைத்தார். மருத்துவர் ஊசி போட்டபோது காந்தி அறைக்குள் உட்கார்ந்துகொண்டிருக்கவில்லை, கன்றின் பக்கத்தில் இருந்தார்.

மயக்க ஊசி சுத்தமான அகிம்சை என்று சொல்வதும் பொய்யாகும். சரளப்பதி மக்னாவை ஆறே மாதத்தில் மூன்று முறை மயக்கினார்கள். 2019 ஜனவரியில் கோவைத் தடாகத்திலிருந்து பிடித்த சின்னத்தம்பி, வரகளியாறிலிருந்து உடுமலைக் கரும்புக் காடுவரை நடந்து திரும்பியது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து மரக்கூண்டில் அடைத்தார்கள், இப்போது கும்கியாக நிற்கிறது. தன் வழியில் போய்க்கொண்டிருந்த உயிரின் வாழ்வை அடியோடு மாற்றியது அந்த ஊசி. ஆனால் ஊசி போட்டவர்கள் அதன் பெயரைச் சொல்வார்கள், முகத்தைச் சொல்வார்கள், தழும்பைச் சொல்வார்கள். அது திரும்பி நடந்தபோது மறுபடி அதன் பின்னால் போக வேண்டியவர்களும் அவர்கள்தான். கேரளத்தில் சுட்டுக் கொல்ல உத்தரவான இன்னொரு மக்னா 1998-ல் கூடலூர்ப் பக்கம் பிடிபட்டபோது அதன் உடலில் குண்டுக் காயங்கள் இருந்தன. எட்ட நின்று சுட்டவர்களின் பெயர் எதிலும் இல்லை. காயங்களைக் கிட்டே இருந்து ஆற்றியவர் யானை டாக்டர் என்று ஊர் அறிந்த வி. கிருஷ்ணமூர்த்தி. அவர் பெயராலேயே அந்த யானை மூர்த்தி ஆனது, தெப்பக்காட்டு முகாமில் சாதுவாக வாழ்ந்தது.

ஆகவே தீர்ப்பு இது. துப்பாக்கி கட்டுகிறவர் ஆக்‌ஷனைத் தேர்ந்தெடுக்கும்போதே தன் அறத்தின் எல்லையையும் தேர்ந்தெடுக்கிறார். காகிதத்தைத் துளைக்க எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகட்டும். உயிர் என்று வரும்போது, அடுத்த சில நிமிடங்களில் நடந்து போய்ப் பக்கத்தில் நிற்க முடியாத தூரத்திலிருந்து எதன்மேலும் குறி வைக்கக் கூடாது. கொல்வதானாலும் சரி, மயக்குவதானாலும் சரி.

வால்பாறையில் ஒரு கிலோமீட்டர் எட்டும் கருவி ஒன்று இருக்கிறது. 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலத்தில் எஸ்டேட்டுகளுக்கு நடுவே ஆண்டு முழுவதும் யானைகள் நடமாடுகின்றன. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் எம். ஆனந்தகுமாரும் சகாக்களும் 2002 முதல் அவற்றின் தடங்களைப் பின்தொடர்ந்து படித்தார்கள். யானை எங்கே நிற்கிறது என்று மாலையில் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும் ஏற்பாட்டையும், கம்பத்தில் மின்னும் சிவப்பு விளக்கையும் மக்களோடும் வனத்துறையோடும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். விளக்கு ஒரு கிலோமீட்டர் வரை தெரியும். யானையைக் கண்ட உள்ளூர்க்காரர் தன் கைப்பேசியிலிருந்தே அதை ஏற்றுவார். அந்த வேலைக்காக ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது. இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு யானை தாக்கி இறப்பவர்களின் எண்ணிக்கை அங்கே குறைந்தது.

ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி அந்த ஊருக்குப் போகிற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மாலை மங்கியபின் எஸ்டேட் சாலையில் சிவப்பு விளக்கு மின்னினால் வண்டியை நிறுத்துங்கள். ஹார்ன் அடிக்காதீர்கள், படம் எடுக்க இறங்காதீர்கள். யானை கடந்து போகட்டும்.